சிலுவையைச் சுற்றிய புல்

டிராக்டரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்ததும், ஆட்டு மயிர் வெட்டும் கத்தரியை இருக்கைக்கு அடியிலிருந்து எடுப்பார் வெண்டல் ப்ரோஹாஸ்கா. நெடுஞ்சாலைச் சரிவில் ஒரு வெள்ளை மரச் சிலுவை. அதைச் சுற்றி இரண்டு முழத்துக்கு அவர் யந்திரத்தை விடமாட்டார். மண்டியிட்டு, புல்லைக் கையாலேயே கத்தரிப்பார். சரக்கு லாரிகள் உரசிக்கொண்டு பறக்கும். அந்தக் காற்றில் அவர் சட்டை உப்பி அடங்கும். திரும்பிப் பார்க்கமாட்டார்.

எங்கள் ஊர் நெட்டில்டனைத் தாண்டினால் சாலையின் இருபுறமும் சதுப்புதான். அக்டோபர் விடியலில் தண்ணீரிலிருந்து எழும் மூடுபனி சாலையை அப்படியே விழுங்கிவிடும். நான்கு மைலுக்குள் ஐந்து சிலுவைகள், விபத்தில் உயிர் போன இடங்களில். நட்டது பெற்றவர்களும் நண்பர்களும். பேணியது, நெடுஞ்சாலைத் துறையில் இருபத்தாறு வருடமாகப் புல் வெட்டும் இவர்.

எஞ்சின் இரைச்சலில் பாதிக் காது போய்விட்டது. தேவாலயத்தில் மனைவியிடம் அவர் சொல்லும் ரகசியம் கடைசி வரிசைக்கும் கேட்கும். எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் உயரும்; ஒன்றுக்கு மேல் உயர்ந்து யாரும் பார்த்ததில்லை. மதியத்துக்கு ஈரல் சாசேஜும் பச்சை வெங்காயமும் வைத்த ரொட்டி. அதனாலேயே தனியாகச் சாப்பிடுவார்.

மேஸ்திரி டுவேன் விடமாட்டான். "யோவ், செம்மறி ஆட்டை விட்டாக்கூட இவ்ளோ சுத்தமா மேயாதுய்யா. உன் மெஷினுக்குச் சம்பளமா, முழங்காலுக்கா?"

"முழங்கால் என்னோடது. உனக்கேன் வலிக்குது?"

போன ஆகஸ்டில் உத்தரவு வந்தது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சிலுவைகளை எடுத்துவிட வேண்டும். வெண்டலே வீடு வீடாகத் தொலைபேசினார். நான்கு குடும்பங்கள் வந்து எடுத்துப் போயின. மிஞ்சியது கோரி ஹைன்ட்ஸின் சிலுவை. பத்தொன்பது வயதில் பனியில் லாரியோடு மோதி இறந்தவன். நட்டது அவன் கூட்டாளிகள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் அவன் தாய் ரோசலி, பதினோரு வருடமாக இந்தச் சாலையை மிதித்ததில்லை. தங்கை வீட்டுக்குக்கூடச் சதுப்பைச் சுற்றிக்கொண்டு, எட்டு மைல் கூடுதலாகத்தான் போவாள்.

"எனக்கு வேணாம், வெண்டல். அதை நான் பாத்ததே இல்ல. நீங்களே எங்கயாவது போட்டுருங்க."

"குப்பைக்குத்தான் போகும், ரோசலி. அது என்னால ஆகாது. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிவரை அங்க நிக்கிறேன்."

"நான் வரமாட்டேன்."

"வராட்டியும் நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை புல்டோசர் உறுமிக்கொண்டு நின்றது. டுவேன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அந்தம்மா வராதுய்யா. நீ புடுங்கு."

"மணி இன்னும் ரெண்டாகல. நீ போய்க் காப்பி குடி."

இரண்டாக ஐந்து நிமிடம் இருக்கையில் தெற்கே ஒரு நீலக் கார் தெரிந்தது. நடக்கிற வேகத்தில்தான் வந்தது. பின்னால் அரை மைலுக்கு வண்டிகள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்தக் காரை ஊருக்கே தெரியும்.

இறங்கிய ரோசலி கதவைப் பிடித்தபடியே நின்றாள். சிலுவையைப் பார்த்தாள். பிறகு, அதைச் சுற்றி வட்டமாய், ஒட்டக் கத்தரித்திருந்த புல்லை வெகுநேரம் பார்த்தாள்.

"இதை யாரு வெட்டுறது?"

"அது... டிபார்ட்மென்ட் வேலைதான்," என்றார் வெண்டல்.

டுவேன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு புல்டோசர் பக்கம் நடந்தான்.

"எடுத்துக் குடுங்க வெண்டல். என்னால பிடுங்க முடியாது."

வெண்டல் பிடுங்கவில்லை. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து அசைத்து நெகிழ்த்தினார். மண்ணுக்குள் இருந்த ஒரு முழக் கட்டையும் சதுப்பின் கருஞ்சேறோடு வெளியே வந்தது. ரோசலி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் உடனே கொடுக்கவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, அதன் உட்புறத்தால் அந்தச் சேற்றை அடியிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.