அவளுக்கும் பாவம் உண்டு

விசேட கல்வி ஆசிரியையாகவே காலம் தள்ளி ஓய்வுபெற்ற எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றை மறுக்க நினைப்பவர்கள் அவர்களை ஏசுவதில்லை. தேவதூதர்கள், சம்மனசுகள் ஆக்கிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் கோயில் பங்குக்கு வந்த மீனவக் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். பத்து வயது. பிறந்ததிலிருந்தே காது கேளாது, பேச்சும் இல்லை. அவளும் நானும் சைகையில் கதைத்தோம், சைகையிலேயே சண்டையும் பிடித்தோம். அந்த வருடம் அவள் வயதுப் பிள்ளைகளுக்கு, முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. தாய் தன் கலியாணச் சேலையை வெட்டி வெள்ளைச் சட்டையும் தைத்துவிட்டாள். ஆனால் பெயர்ப் பட்டியலில் பிள்ளை இல்லை.

ஞானோபதேசம் படிப்பிக்கும் உபதேசியாரைக் கேட்டேன். வாய் திறக்காத பிள்ளை சுவாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி, அது செய்யாமல் நற்கருணை வாங்குவது எப்படி என்றார். பங்குச் சுவாமியிடம் போனேன். அவர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பாவம் இருக்கப்போகுது, ரீச்சர்? சம்மனசு மாதிரி. அண்டைக்கு விசேடமா ஒரு ஆசீர்வாதம் குடுப்பம்."

"அவள் பொய் சொல்லுறவள், சுவாமி," என்றேன். "கையாலை சொல்லுவாள். களவெடுப்பாள், கடிப்பாள். வேணுமெண்டால் எழுதித் தாறன்."

அவள் குற்றங்களை எழுதியும் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் மூலம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. கன்னியர் மடத்துப் புத்தகத்தில் அதைப் பார்த்தெழுதி, விண்ணப்பத்தோடு இணைத்து, அடியில் 'பிரதி: ஆயர் இல்லம்' என்று போட்டேன். கல்விக் கந்தோருக்கு அலைந்து நான் கற்ற ஞானோபதேசம் அது. மேலதிகாரிக்குப் போகிறது என்ற அந்த வரியை எழுதினால் போதும், பிரதியை அனுப்பத் தேவையில்லை.

சனிக்கிழமை காலை கோயில் விறாந்தையில் மூன்று கதிரைகள் போட்டார்கள். சுவாமி, அவள், பக்கத்தில் மொழிபெயர்க்க நான். பாதியில் குண்டு போடும் பொம்பர் ஒன்று வந்து சுற்றத் தொடங்கியது. வளவில் நின்றவர்கள் நிலத்தடிப் பங்கருக்கு ஓடினார்கள். சுவாமி அண்ணாந்து பார்த்தார். நான் அவளுக்கு வானத்தைக் காட்டினேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு, சுவாமியின் முழங்காலில் தட்டினாள். இன்னும் முடியவில்லையாம். சுவாமி அவள் கைகளைப் பார்த்தார். பிறகு ஒருமுறைகூட நிமிரவில்லை. நானும் ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தேன். பாவமன்னிப்புக் கொடுத்த பிறகுதான் மூன்று பேரும் ஓடினோம்.

பங்கருக்குள் வைத்தே உபதேசியார் மெல்லக் கேட்டார், பிள்ளை என்ன சொன்னவள் என்று. தாயும் கேட்டாள். இருவருக்கும் சட்டத்தைச் சொன்னேன். இன்றுவரை கேட்பவர்களுக்கும் அதுதான் பதில்.

மறுநாள் அவள் வெள்ளைச் சட்டையும் மெழுகுதிரியுமாக வரிசையில் போய் நற்கருணை வாங்கினாள். திரும்பி வரும் வழியில், முன்னால் போன பிள்ளையின் முதுகில் நன்றாக ஒரு கிள்ளு. கிள்ளுப்பட்டவள் கோயில் முழுக்கக் கேட்கக் கத்தினாள். உபதேசியார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் எழுத்திலை தந்தனான்தானே," என்றேன்.