இரண்டு மலைக்கு நடுவே ஒரு தண்ணீர்ப் பானை

ரங்கூன்காரர்களுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? எங்களுக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் வீட்டு மாடிப்படியும் ஷ்வேடகோன் புத்தர் கோயில் படிக்கட்டும்தான். அப்படிப்பட்ட நானும் என் வீட்டுக்காரரும், பபேடான் பேட்டையில் ஐந்தாவது மாடியில் இருந்த எங்கள் வீட்டுக் கட்டிலில் ஸ்காட்லாந்து வரைபடத்தை விரித்துப்போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, இரண்டு மலைகளில் ஏறி இறங்கத் திட்டம் போட்டோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வரைபடத்தை அனுப்பியவன் எங்கள் ஒரே மகன். எண்பத்தெட்டில் மாணவர் போராட்டம் வெடித்து அரசாங்கம் கல்லூரிகளை மூடியபோது படிப்பு பாதியில் நின்றது. கப்பல் வேலைக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஸ்காட்லாந்தில் கரை ஏறினான். அவனால் இங்கே திரும்பி வர முடியாது. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதில்லை. அவனைப் பார்க்க வேண்டுமானால் நாங்கள்தான் போக வேண்டும். பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் அதற்கு ஒரு வழி தெரிந்தது. விசாவுக்கு எழுதிப்போட்டோம்.

"வந்தீங்கன்னா அப்பாவ மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் போனில்.

அவருக்கு அது போதாதா? துறைமுக ஆபீசே கதியென்று கிடந்த மனுஷன். பெற்ற பிள்ளையோடு அரை நாள்கூடச் சேர்ந்து நடந்ததில்லை என்ற குறை அவர் மனதில் இருந்தது. "ஒரு நாள் பூரா அவன்கூட நடக்கணும். முட்டி இருக்கும்போதே நடந்துடணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வலது முட்டி அப்போதே மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது.

அந்த மலைகளின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. பெரியதற்கு அண்ணன், சின்னதற்குத் தம்பி என்று அவரே பெயர் வைத்தார். படத்தில் மலை மலையாகவா இருந்தது? வெறும் பழுப்புக் கோடுகள். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சரிவு என்று மகன் சொல்லிக்கொடுத்தான். அண்ணனின் ஒரு பக்கத்தில் கோடுகள் சீப்புப் பல் மாதிரி ஒட்டிக் கிடந்தன. சரிவான பக்கம் ஏறி, அந்தச் செங்குத்தில் இறங்கலாம் என்றார் இவர். நான் விடவில்லை. தினம் ஐந்து மாடி ஏறி இறங்குகிறவளுக்குத் தெரியாதா? ஏறும்போது மூச்சுதான் வாங்கும். முட்டி உயிரை எடுப்பது இறங்கும்போதுதான். செங்குத்தில் ஏறுவது, இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவது, பிறகு தம்பியையும் தொட்டுவிட்டு ஓடையோரமாக மெதுவாக இறங்குவது என்று முடிவானது.

அடுத்து நான் நீலப் பென்சிலை எடுத்துத் தண்ணீர்ப் பானைகளுக்கு வட்டம் போட்டேன். எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் பானை வைத்து, மூடிமேல் ஒரு தம்ளரைக் கவிழ்த்திருப்பார்கள். வழியில் போகிறவர்கள் குடித்தால் வைத்தவருக்குப் புண்ணியம். மேலே பயா என்கிற புத்தர் கோயில் இருக்கிற மலையென்றால் கேட்கவே வேண்டாம். திருப்பத்துக்குத் திருப்பம் பானை இருக்கும், உட்காரக் கூரை போட்ட சத்திரம் இருக்கும். மலையடிவாரத்தில் ஒரு பானை, ஏற்றத்தில் ஒன்று, நடுப்பள்ளத்தில் கட்டாயம் ஒன்று என்று குறித்தேன். தண்ணீர் சுமக்கிற வேலை மிச்சம் என்று இவரும் மெச்சிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அதன் மேல் நுனியில் மணி. பேப்பர், காய்கறி எல்லாம் அதில்தான் மேலே வரும். கீழ்க்கடை போனில் மகன் கூப்பிட்டால் கடைக்கார பாய் கயிற்றை இழுப்பார். நாங்கள் இறங்கி ஓடுவோம்.

பானை விஷயத்தைச் சொன்னதும் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அங்க மனுஷ நடமாட்டமே இருக்காது. பானைய யாரு வெப்பா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு பெரிய மலையில ஒருத்தருக்கும் புண்ணியம் வேணாமாடா?"

குளிர்காலத்தில் பதில் வந்தது. விசா இல்லை. நாங்கள் திரும்பி வருவோம் என்று நம்ப முடியவில்லையாம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கே ஓடி ஒளியப்போகிறோம்? நான் வாய்விட்டுத் திட்டித் தீர்த்தேன். அவர் வரைபடத்தைச் சுருட்டி அலமாரி மேல் போட்டார். அதற்குப் பிறகு மணி அடித்தாலும் கீழே வருவதில்லை. "முட்டி வலிக்குது, நீயே பேசிட்டு வா" என்பார். வலித்தது முட்டி இல்லை என்று எனக்குத் தெரியும்.

திங்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், ஒரு பகல் நேரத்தில் மணி அடித்தது. வழக்கம்போல் நான் மட்டும் போனேன்.

"அம்மா, நேத்து அந்த மலைக்குப் போனேன்" என்றான் மகன். "நீங்க ரெண்டு பேரும் போட்ட வழியிலதான். செங்குத்துல ஏறி, ஓடையோரமா எறங்கினேன். நீ சொன்ன பள்ளத்துல தண்ணி வெச்சேம்மா."

போனைப் பாயிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடி, கயிற்றைப் பிடித்து விடாமல் இழுத்தேன். ஐந்தாவது மாடியில் அவர் தலை தெரிந்தது.

"எறங்கி வாங்க! முட்டியாவது, மண்ணாவது. வாங்க!"

சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அதற்குள் மகன் போனை வைத்துவிடுவானோ என்று நான் தவித்தேன். அவன் வைக்கவில்லை. போனை அவர் காதில் கொடுத்து, நானும் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டேன். மகன் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். இவர் உம் கொட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்ளர் வெச்சியா?"

"வெச்சேம்ப்பா. பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

இவருக்குக் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

"யாராவது வந்து குடிச்சாங்களா?"

"ரெண்டு பேரு வந்தாங்கப்பா. புருஷன் பொண்டாட்டி. உங்க வயசுதான் இருக்கும். குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் எங்கூட உக்காந்திருந்துட்டுப் போனாங்க."