நீலம் போடாத வெள்ளை

சுண்ணாம்பு அடிக்க வந்தவர் என்று மாடசாமி சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. பண்டாரவளையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வாப்பாவுக்குப் பின்னால் வாளி தூக்கிப் பழகி, இந்த வயதுவரை சுவருக்கு வெள்ளை அடித்தே சோறு தின்கிற மனிதர்தான் பாறூக் பாஸ்; கைவேலைக்காரரை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆமாம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார். மாடசாமி சொன்னதால்தான், அதுவும் அவரே வெள்ளை அடித்த அந்தக் காம்பராவுக்குள்ளேயே வைத்துச் சொன்னதால்தான், வருசக்கணக்காகியும் நெஞ்சில் ஆறாமல் கிடக்கிறது.

மாடசாமி அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்துக்காரர். ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. தோட்டத்துக் கோயிலுக்கு வெள்ளை அடிக்க பாறூக் போன வருசம் அவர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானா, ஒங்க பள்ளிவாசலுக்கு நான் வந்து ஒரு கோட்டு அடிச்சா ஏதும் பேசுவாங்களா?"

"ஆளுக்கு ஒண்டும் பேசமாட்டாங்க. ஒன்ட வேலையப் பாத்தா பேசுவாங்க. ஏணிய ஒழுங்காப் புடி."

பாறூக்கை நானா, அண்ணன், என்று கூப்பிட்டு அப்படி ஆரம்பித்த சிநேகம். நோன்புப் பெருநாளைக்கு மாடசாமியும் அவர் மனைவி ஜீவராணியும் பண்டாரவளைக்கு வருவார்கள். தீபாவளிக்கு பாறூக், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போவார்.

நாட்டில் சாமான் விலையெல்லாம் தலைக்கு மேலே போன வருசத்தில்தான் மாடசாமிக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளைக்காரர் வந்து தங்குகிற எல்ல என்ற ஊரின் ஹோட்டல்களுக்கு, பச்சையாகத் தின்கிற சலாது இலை வேண்டும். வெளியே போட்டால் காட்டுப்பன்றி விடாது, பன்றி விட்டாலும் மூடுபனி விடாது, வெயில் முகத்தையே காணாமல் இலை அழுகும். லயத்துக்குப் பின்னால் பழைய பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. கொழுந்துக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. புதுக்கட்டடம் வந்தபின் அதில் சாக்கும் எலியும்தான். தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் கேட்டு அதை வாங்கி, தட்டு அடுக்கி, மேலே குழல் விளக்குப் போட்டு, உள்ளேயே இலை வளர்ப்பது என்று தீர்மானம்.

முதல் மாதத்துக் கரண்ட் பில்லைப் பார்த்ததும் மாடசாமிக்கு வாய் அடைத்துவிட்டது. விளக்கைக் குறைத்தால் செடி மெலிகிறது. குறைக்காவிட்டால் பில் கொல்கிறது. அன்றைக்கே பண்டாரவளைக்கு பஸ் ஏறினார்.

"நானா, இருக்கிற வெளிச்சத்த சொவரு திங்குது. திங்காத சொவரு ஒண்ணு பண்ணித் தாங்க."

பாறூக் போய்ப் பார்த்தார். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிய புகை ஒரு பக்கம், ஈரத்தில் பூத்த கறுப்புப் பூஞ்சணம் ஒரு பக்கம். விளக்கு எரிந்தும் காம்பரா மசமச என்று கிடந்தது.

மாடசாமியிடம் யோசனைக்குக் குறைவில்லை. ஸ்டோரில் கழித்துப் போட்ட தூள் பைகளின் உள்ளே ஒட்டியிருக்கிற ஈயத்தாளை உரித்து ஒரு சுவர் முழுக்க ஒட்டினார். பார்க்கக் கல்யாண மேடை போல இருந்தது. ஆனால் தாள் கசங்கியிருந்த இடமெல்லாம் வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது, கோட்டுக்கு வெளியே இருந்த செடிகள் எல்லாம் கோட்டைப் பார்த்துச் சாய்ந்தன. பிறகு தாளுக்குப் பின்னால் நீர் கோத்து, பூஞ்சணம் பிடித்து, முழுச் சுவரும் சட்டை கழற்றுவது போலக் கழன்று விழுந்தது. அடுத்து ஜீவராணியின் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கண்ணாடி வெளிச்சத்த ஒரு பக்கமாத்தான் தூக்கி எறியும்டா. காம்பராவுக்குப் பரத்திக் குடுக்காது. கொண்டு போய் மாட்டு, ஜீவராணி தல சீவாம நிக்கிறா."

"அப்ப பளபளன்னு ஒரு எனாமல் பெயின்ட் அடிச்சிருவோமா நானா?"

"பளபளப்பு ஒன்ட கண்ணுக்கு. இங்க வா, கையத் தட்டுக்கு மேல நீட்டு."

மாடசாமி நீட்டினார். அவருடைய கையின் நிழல் தட்டில் கறுப்பாக, விரல் விரலாக விழுந்தது.

"இந்த நெழல் கரையோணும். எல்லாப் பக்கத்தாலயும் வெளிச்சம் வந்தாத்தான் கரையும். அதுக்கு மினுங்காத வெள்ளதான் சரி."

கல்சுண்ணாம்பு வாங்கி நீற்றி, துணியில் வடித்து, கஞ்சியும் உப்பும் கலந்து அடித்தார் பாறூக். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் செத்தது. காம்பரா பளிச்சென்று ஆனது. ஆனாலும் அவருக்கு ஏதோ திருப்தி வரவில்லை. மூன்று சுவருக்கு நீலம் கலந்து அடித்திருந்தார். கைப் பழக்கம். வாப்பா கலந்தார், எல்லா பாஸ்மாரும் கலக்கிறார்கள், துணிக்குப் போடுவது போலத்தான். நாலாவது சுவருக்கு வரும்போது நீலம் தீர்ந்துபோய், கடையும் பூட்டியிருக்க, வெறும் சுண்ணாம்பை அடித்து விட்டிருந்தார். பார்த்தால் அந்தச் சுவர்தான் மங்கல், கொஞ்சம் மஞ்சள் போல. ஆனால் அதன் ஓரத்துச் செடிகள்தான் குட்டையாக, தடித்த தண்டோடு நின்றன. நீலச் சுவர்களின் ஓரத்தில் நின்றவை நெட்டையாக வெளிச்சம் தேடிக்கொண்டிருந்தன.

பாறூக் நெடுநேரம் அங்கேயே குந்தியிருந்தார். நீலம் மஞ்சளை மறைக்கிறது, அதனால் மனிதக் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் மறைப்பதற்காகக் கொஞ்சம் வெளிச்சத்தையும் விழுங்குகிறது. செடிக்கு அந்த ஏமாற்று எதற்கு?

மூன்று சுவரையும் சுரண்டி மறுபடி அடித்தார். நீலம் போடாமல். சில விளக்குகளைக் கழற்றியும் இலை மெலியவில்லை. கையை நீட்டினால் நிழல் புகை போலக் கரைந்தது. அன்றைக்கு மாடசாமி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இது இனிமே நம்ம ரெண்டு பேரு காம்பரா நானா. யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவேன்."

பாறூக் கூலி வாங்கவில்லை. சொந்தக் காம்பராவுக்கு யாராவது கூலி வாங்குவார்களா?

பிறகு கொழும்பிலிருந்து ஒரு உதவி நிறுவனத்து ஆட்கள் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பாறூக் பெருநாளைக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸிலேயே போய்விட்டார். இந்த வயதுவரை அவர் அடித்த சுவர்களை வீட்டுக்காரர்கள்தான் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார்கள். முதல் தடவையாக, இது என்ட சுவர் என்று நிற்கப்போகிறார். வழியெல்லாம் அந்த நினைப்புத்தான். நீலக் கதையை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனார்.

வந்தவர்களில் ஒரு மேடம் சுவரைத் தடவிப் பார்த்து, "இது ரொம்ப நல்லா இருக்கே, யாரோட யோசனை?" என்று கேட்டார்.

பாறூக் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"எல்லாம் நம்ம யோசனதாங்க மேடம்," என்றார் மாடசாமி. "நானும் சம்சாரமும் செஞ்சு செஞ்சு பாத்தோம்."

"இவர்?"

"இவரு சுண்ணாம்பு அடிக்க வந்தவரு."

சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சொன்னதை மெய்யாக்க வேண்டுமே. "நானா, வழியில கெடக்கிற அந்த சுண்ணாம்பு வாளிய கொஞ்சம் அங்கிட்டு எடுத்து வைங்க, மேடம் வரட்டும்."

பாறூக் எடுத்து வைத்தார். கை அதுபாட்டுக்கு எடுத்து வைத்தது. சட்டையில் வெள்ளை பட்டதைக்கூட பஸ்ஸில்தான் பார்த்தார்.

ரோட்டுக்கு ஏறும் வழியில் ஜீவராணி இரைக்க இரைக்க ஓடிவந்தார்.

"நானா, மனசுல வச்சுக்காதீங்க. தோட்டத்து ஆளுகளுக்குத்தான் ஒதவியாம். டவுன் ஆளு சேந்திருக்காருன்னா குடுக்க மாட்டாங்களாம். அதுக்குத்தான் அவரு அப்பிடி..."

"நேத்து இரவு போன் பேசினானே தங்கச்சி. நல்ல சட்டயாப் போட்டுட்டு வாங்க நானா எண்டு செல்லத் தெரிஞ்சிச்சே. இதயும் செல்லி ஈக்கலாமே? நானே பழைய சாரத்தக் கட்டிட்டு, வாளியோட நிண்டிருப்பேனே."

ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் முதல் நாளே தெரியும் என்று பாறூக்குக்கு அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு பெருநாளைக்கு அவர்கள் வரவில்லை. தீபாவளிக்கு இவர் போகவில்லை. தோட்டத்து வளைவில் ஒரு பெயர்ப்பலகை வந்தது, மாடசாமியின் பெயர் மட்டும் போட்டு. அப்புத்தளைக்குப் போகும் நாட்களில் பாறூக் பஸ்ஸில் மறுபக்கத்து சீட்டில் உட்காரப் பழகிக்கொண்டார்.

போன மாதம் அப்புத்தளை ஸ்டேசன் பக்கத்துத் தேநீர்க் கடையில் முன்னால் வந்து உட்கார்ந்தார் மாடசாமி. முடி நரைத்திருந்தது. வாய் மட்டும் பழையபடிதான்.

"நானா, மெலிஞ்சிட்டீங்க."

"நீ கொழுத்திட்ட. செல்லு, என்ன விசயம்?"

விசயம் மெதுவாக வந்தது. காம்பராச் சுவர் அழுக்கேறி உரிந்ததாம். தோட்டத்துப் பையன்களை வைத்து அடித்தாராம்.

"நீலம் போட்டயா?"

"போடாம? வெள்ளன்னா நீலம் போடணும்ல? பயலுக கொஞ்சம் கூடவே போட்டுட்டானுக, காம்பரா வானமாட்டம் இருக்கு. அதுலேருந்து எல நூலு நூலாப் போகுது. ஹோட்டல்காரன் திருப்பி அனுப்புறான்."

பாறூக் கோப்பையைக் கீழே வைத்தார். மூன்று சுவரைச் சுரண்டி அடித்த நாளில் பக்கத்திலேயே நின்றவன். தோளைப் பிடித்தவன். ஊருக்குச் சொன்ன பொய்யைச் சொல்லிச் சொல்லி, உள்ளதையே மறந்திருக்கிறான். பொய்யென்று தெரிந்து வைத்திருந்தாலும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

"நீலம் போடக் கூடாதெண்டு கண்டது யாரு மாடசாமி?"

மாடசாமி கண்ணைச் சுருக்கி யோசித்தார். நிசமாகவே யோசித்தார். "அப்பிடி ஒண்ணு இருந்திச்சா நானா?"

வெளியே பதுளை ரயில் வந்து நின்று, புறப்பட்டும் போனது. ஒரு வார்த்தைக்காக பாறூக் காத்திருந்தார். பெரிய வார்த்தைகூட இல்லை. தெரியாமல் செய்துவிட்டேன் நானா என்றால் போதும், அன்றைக்கே வாளியோடு போயிருப்பார்.

மாடசாமி தேநீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மேடம் ஆளுக அடுத்த மாசம் திரும்ப வர்றாங்க. அதுக்குள்ள நீங்கதான் வந்து அடிச்சுத் தரணும். ஆனா ஞாயித்துக்கெழமையா வாங்க நானா, லயத்துப் பக்கமா வராம. தேயிலைக்குள்ளாற குறுக்கு ரோட்டு இருக்குல்ல, அதால வாங்க. யாரும் பாத்தா, சும்மா வந்தேன்னு சொல்லிருங்க."