ராட்டினத்தின் பன்னிரண்டாவது குதிரை

பஸ்காரம்மா ராட்டினம் ஏற்றிய டிரெய்லரை ஜீப்பில் இழுத்துக்கொண்டு கிளம்பியது ஒரு சனிக்கிழமை காலை. இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வேலையை விட்ட மறுவாரமே பன்னிரண்டு மரக்குதிரைகளோடு ஒரு பழைய ராட்டினத்தை வாங்கிவிட்டார். நாலு மணிக்குள் பொருட்காட்சித் திடலுக்குப் போய்ச் சேராவிட்டால் அவருக்கு ஒதுக்கிய இடம் வேறு ஆளுக்கு.

"இடம் போச்சுன்னா ராட்டினத்த வித்துட்டு எங்கூட பட்டன் தைக்க உக்காரணும், சொல்லிட்டேன்" என்றார் கணவர். அவர் தையல்காரர்.

கொக்கி, சங்கிலி, டயர் காற்று, பின்விளக்கு எல்லாவற்றையும் பஸ்காரம்மா குனிந்து பார்த்தார். டிரெய்லரில் பாரம் ஏற்றியது தையல்காரர். தொலைந்தால் கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு குதிரையின் வயிற்றிலும் மனைவியின் போன் நம்பரை எழுதிய புத்திசாலி அவர்.

நெடுஞ்சாலைச் சரிவில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. முதலில் செல்ல நாய் மாதிரி. பிறகு வெறி பிடித்த மாதிரி.

"பிரேக்க மிதி! மிதிம்மா!" பக்கத்து சீட்டிலிருந்து கத்தினார் தையல்காரர்.

"மிதிச்சா அது நம்மள முந்திக்கிட்டுப் போயிடும். வாய மூடிட்டு வாங்க!"

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை எந்தப் பக்கமும் ஒடிக்காமல் நேராகப் பிடித்தார். சரிவு முடிய, வேகம் குறைய, ஆட்டமும் அடங்கியது. ஓரங்கட்டி நிறுத்தியதும் பஸ்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை.

"ராட்டினத்தச் சுத்துற மோட்டார எங்க வச்சீங்க?"

"கடைசியில. இறக்குனதும் மொதல்ல அதானே வேணும்?"

"கத்தரிக்கோல் வைக்கிற புத்தி! பாரமெல்லாம் வால்ல இருந்தா வண்டி ஆடாம என்ன செய்யும்?"

எல்லாவற்றையும் இறக்கினார்கள். சாலையோரம் பன்னிரண்டு குதிரைகள் வரிசையாக நின்றால் யார்தான் சும்மா போவார்கள்? ஒரு வேன் நின்றது. இரண்டு கார்கள் நின்றன. பல் டாக்டர் ஒருவர் டையோடு ஏறி உட்கார்ந்து "ஹை, ஹை!" என்றார். குதிரையேறியவர்களே இறங்கி வந்து மோட்டாரை டிரெய்லரின் முன்பாதிக்கு நகர்த்தினார்கள். கயிறு இறுக்கிக் கட்டி, கை தட்டி வழியனுப்பினார்கள். அதன்பின் டிரெய்லர் பள்ளிக்கூடப் பிள்ளை போலப் பின்னால் வந்தது.

மூன்றே முக்காலுக்குத் திடல். இடம் கிடைத்தது. குதிரைகளைப் பூட்டியபோது பதினொன்றுதான் இருந்தன.

"எண்ணித்தானே ஏத்துனீங்க?"

"பட்டனா இருந்தா எண்ணியிருப்பேன்."

காலி இடத்தில் தன் தையல் மிஷின் ஸ்டூலைத் திருகிவைத்தார் தையல்காரர். குதிரைகளை விட்டுவிட்டு பிள்ளைகள் அதற்குத்தான் அடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பட்டன் பேச்சே இல்லை.

மூன்று வருடம் கழித்து பஸ்காரம்மாவின் போனுக்கு, தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது:

"ரோட்டோரம் தனியா நின்ன உங்க வெள்ளைக் குதிரை எங்க வீட்டுலதான் இருக்கு. நேத்து என் பொண்ணு ஒளிஞ்சு விளையாட அதுக்கு அடியில பூந்தப்பதான் வயித்துல இந்த நம்பரப் பாத்தோம். வந்து எடுத்துக்குங்க. ஆனா பொண்ணு காலையிலேர்ந்து அது மேலயே உக்காந்திருக்கா, இறங்க மாட்டேங்கறா."