தூதரக அதிகாரியின் கால் கட்டைவிரல்

வெளிநாட்டு உதவித் திட்டங்களைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. பொருளாதாரம் படித்தவர்கள், வக்கீலாக இருந்தவர்கள், நாடு நாடாக மாற்றலாகி வந்தவர்கள் என்று எத்தனையோ பேரை எண்ணூர் பக்கம் கூட்டிவந்திருக்கிறேன். மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாமல் இருந்தாலே போதும், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று முகத்துவாரக்குப்பத்துக்கு வந்தவர் ஒரு தூதரகத்தில் வளர்ச்சி உதவிப் பிரிவுக்குத் தலைவர். வலை பின்னும் கூடம் கட்டித்தரலாமா என்று பார்க்க வந்திருந்தார். மணலில் ஒரு மீனவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வலையின் ஒரு கண்ணைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, ஊசிக்குக் கை நீட்டினார். முடிச்சு மேல் முடிச்சாக ஓட்டை மூடிக்கொண்டே வந்தது. இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

இந்த உத்தியோகத்துக்கு முன்னால் அப்பாவின் படகில் மீன் பிடித்தாராம். அதை நான் சொன்னதும் மீனவர், "கடல வுட்டுட்டு எவனும் சும்மா வரமாட்டான். கடல் யார எடுத்துகிச்சுன்னு கேளும்மா" என்றார்.

இதையெல்லாம் ஒரு பெரிய அதிகாரியிடம் கேட்பதா என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்டேன்.

அவர் வலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. தன் தம்பியை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் வாய் திறப்பதற்குள் மீனவருக்குப் புரிந்துவிட்டது. வலையின் மறுமுனையை இழுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார்.