கேத்தரின் பிடித்த கயிறு

கால் என்னுடையது. அதில் வலி உண்டா இல்லையா என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும், எதிர்வீட்டு லட்சுமம்மா சொல்லக் கூடாது. "மாமியார் எழுந்திருக்க முடியாம கெடக்கறா, மருமக பையத் தூக்கிட்டு கார்வாருக்குக் கடல் பாக்கப் போயிட்டா" என்று அவள் பால் வாங்கும் இடத்தில் சொல்லி, அது இஸ்திரி வண்டிக்காரர் வரைக்கும் போய், ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்து முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் என் காதுக்கு வந்தது. நான் உடனே எழுந்து, நடந்தே, அவள் வாசலில் போய் நின்றேன்.

"லட்சுமம்மா, யாரு கெடக்கறா?"

"அய்யோ அன்னம்மாக்கா, கால் சரியாப் போச்சா?"

"அதுக்கு ஒண்ணுமே ஆகல."

"ஹௌதா, அப்பிடியா? அப்ப அந்தப் பொண்ணு கெளம்பும்போது ஏன் கால நீட்டிட்டு உக்காந்திருந்தீங்க? உங்க பையன் தைலம் தேச்சிட்டு இருந்தானே. நான் பாத்தேனே."

பார்த்தாள்தான். அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கேத்தரினைப் பற்றி முழுக்கச் சொல்லியாக வேண்டும். அது ஒருவர் வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

கேத்தரின் என் மகன் லாயிட்டின் மனைவி. பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் யூ.கே.ஜி. டீச்சர். ஆள் குள்ளம், அந்தக் குறையைக் குரல் தீர்த்துவிடும். பள்ளிக்கூடத்தை வாசலோடு விட்டுவிட்டு வர அவளுக்குத் தெரியாது. என் கணவர் ரெமிஜியஸ் சாப்பிட்டு முடித்தால் தட்டை எட்டிப் பார்த்து, "வெரி குட் மாமா" என்பாள். அந்த வெரி குட்டுக்காக அந்த மனுஷர் பாகற்காயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் சமைத்த பாகற்காய் ஒரு துண்டுகூட அவர் வாய்க்குள் போனதில்லை. எனக்கும் வெரி குட் சொல்லத் தெரியும், யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் பள்ளிக்கூடம் மூடுகிற அன்று மாலை, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று கேட்பாள்: "யாரெல்லாம் ரெடி?" எங்கே என்று திருப்பிக் கேட்கக் கூடாது. கை தூக்க வேண்டும். லாயிட் பெரிய ஆபீஸ் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்க்கிறவன், மீசை வைத்தவன், அவனும் தூக்குவான். பஸ் ஏறும் இடத்தில் அவள் ஊரே கேட்கும்படி, "யாருக்கு ஒண்ணுக்கு வருது, இப்பவே சொல்லிடுங்க, நடுவழில சொன்னா நான் பொறுப்பில்ல" என்பாள். அதற்கும் கை தூக்குவோம்.

இப்போது கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். யூ.கே.ஜி. பிள்ளைகளைத் தெருவைத் தாண்டிப் பூங்காவுக்குக் கூட்டிப்போக பள்ளிக்கூடத்தில் ஒரு கயிறு உண்டு. இடைவெளி விட்டு முடிச்சு போட்டிருக்கும், பிள்ளைக்கு ஒரு முடிச்சு. அதே மாதிரி எங்களுக்கும் ஒன்று செய்தாள். பச்சை நைலான் கயிறு, முடிச்சுக்கு ஒரு ரிப்பன். முன்னால் அவள், பிறகு பேத்தி ஆஞ்சலா, பிறகு சிவப்பு ரிப்பனில் நான், எனக்குப் பின்னால் லாயிட், கடைசியில் ரெமிஜியஸ். "வாயில வெரலு, கையில கயிறு" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பிப்பாள். ஒருமுறை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் லாயிட்டோடு வேலை பார்க்கும் ஒருவர் எதிரே வந்துவிட்டார். "என்னடா லாயிட், யாரு உன்ன இழுத்துட்டுப் போறது?" என்று கேட்டார். பாவம், என் மகனால் பதில் சொல்ல முடியவில்லை, விரல் வாயில் இருந்தது.

கோடை விடுமுறையில் மட்டுமே ஊர் சுற்றுகிற குடும்பம் என்பதால் நாங்கள் பார்த்த அருவிகளில் தண்ணீர் இருந்ததில்லை. சிவசமுத்திரத்தில் பாறை. ஜோக் அருவியில் இன்னும் பெரிய பாறை, அதன் மேல் யாரோ குழாயை மூட மறந்த மாதிரி ஒரு கோடு. கேத்தரின் அசரவில்லை. எங்களை வரிசையாக நிற்க வைத்து, "தண்ணி இங்கேர்ந்து இப்பிடி விழும், எல்லாரும் நெனச்சுக்கோங்க. மாமா, நனையறீங்க, பின்னாடி வாங்க" என்றாள். ரெமிஜியஸ் பின்னால் வந்தார். நானும் சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.

மைசூர் மிருகக்காட்சிசாலை விஷயம் சந்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள். கேத்தரின் தலையை எண்ணுகிறவள் இல்லை. கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள், எல்லா முடிச்சும் கனத்தால் மேலே நடப்பாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். ரெமிஜியஸ் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததும் முடிச்சை விட்டுவிட்டார். அதே நேரம் படியிறங்கப் பிடிமானம் தேடிய வேறொரு பெரியவர் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டார். கேத்தரின் இழுத்துப் பார்த்தாள், கனத்தது, நடந்தாள். அந்தப் பெரியவரும் வந்தார். வெளியே வாடகை வேன். அவர் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார், ரெமிஜியஸ் உட்காரும் இடம் அது. பின்னாலிருந்து பார்த்தால் இவருக்கும் அதே வழுக்கை. டிரைவர் வண்டியை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு விட்டார். நான் எலுமிச்சம்பழச் சாதத்தைத் தட்டில் வைத்து முன்னால் நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊறுகாய் கேட்கவில்லையே.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். முன் சீட்டிலிருந்து முகம் தெரியாத மண்டியாக்காரர் ஒருவர் திரும்பி, "தும்ப சென்னாகிதே அம்மா" என்று என் சாதத்தைப் பாராட்டினார்.

வேனைத் திருப்பிக்கொண்டு வந்தால், மிருகக்காட்சிசாலை வாசலில் அந்த மண்டியாக்காரரின் குடும்பம் எங்கள் ரெமிஜியஸை நடுவில் உட்காரவைத்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருந்தது. அவர்களுக்கு அழுகை, இவருக்கு இரண்டாவது ஐஸ்கிரீம். லாயிட் கத்த ஆரம்பித்தான். கேத்தரின் மட்டும் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, உங்களுக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் ஆபர் வந்திருந்தது, அத்தே தான் வேணாம்னுட்டாங்க" என்றாள். பிறகு இரண்டு குடும்பமும் ஒன்றாகப் படம் எடுத்துக்கொண்டோம்.

போன வருடம்தான் முதல்முறையாகக் கடலுக்குப் போனோம், முருடேஸ்வரத்துக்கு. கடலில் தண்ணீர் இருந்தது, எங்களுக்கு அதுவே பெரிய ஆச்சரியம். கேத்தரின் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போய், எங்கள் பக்கம் திரும்பி நின்றாள். "நான்தான் செவுரு. யாரும் என்னத் தாண்டக் கூடாது" என்றாள். அலை வந்து முதுகில் அடிக்கும். அவள் எங்களையே கேட்பாள்: "வர்றது பெருசா, சிறுசா?" நாங்கள் "பெருசு, பெருசு" என்று கூவுவோம். அவள் காலை ஊன்றிக்கொள்வாள். இருட்டும்வரை இதே கூத்து. எனக்குச் சேலைக்குள்ளெல்லாம் மணல். அவ்வளவு சிரித்து எத்தனையோ வருடமாகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு ஆஞ்சலா படம் வரைய உட்கார்ந்தாள். "மம்மி, கடல் பச்சையா இருந்துச்சா, நீலமா?" என்று கேட்டாள். வருடம் பூராவும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கலர் சொல்லிக் கொடுக்கிறவள், பச்சைக் கிரேயானை எடுத்தாள், வைத்தாள், நீலத்தை எடுத்தாள், அதையும் வைத்தாள்.

"தெரியல பாப்பா. தாத்தாவக் கேளு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க அவள் சத்தம் வீட்டில் கேட்கவில்லை. எனக்குப் பலகை படிக்கத் தெரியாது, பஸ் நம்பர் தெரியாது, முகம் படிக்கத் தெரியும்.

இந்த ஏப்ரலில் ஆஞ்சலாவுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், கோயிலில் பூசை, வீட்டில் பிரியாணி, கேத்தரின் ஓடி ஓடிச் செய்தாள். விருந்து முடிந்து அண்டா கழுவும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இந்த வருஷம் நான் மட்டும் போறேன் அத்தே. கார்வாருக்கு. நிருபமா வீட்ல தங்கிக்கறேன்." நிருபமா முன்பு இவளோடு டீச்சராக இருந்தவள், கல்யாணமாகி அங்கே போய்விட்டாள். அவள் வீட்டிலிருந்து கடல் நடந்து போகிற தூரமாம்.

லாயிட்டிடம் அன்று மாலை சொன்னாள்.

"நாங்க?" என்றான்.

"நீங்க வீட்ல இருங்க."

"தனியாப் போயி என்ன பண்ணுவ?"

"கடலப் பாப்பேன்."

"அதான் போன வருஷம் பாத்தோமே."

"நீங்க பாத்தீங்க."

அவனுக்குப் புரியவில்லை. கெட்டவன் இல்லை, அவள் இல்லாமல் எங்கும் போய்ப் பழகாதவன். "சரி, நானும் வர்றேன், பின்னாடி நின்னுக்கறேன், தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றான். அவன் வந்தால் நானும் என்றாள் ஆஞ்சலா. எல்லோரும் போனால் ராத்திரி எனக்கு யார் மாத்திரை கொடுப்பார்கள் என்றார் ரெமிஜியஸ். எல்லாம் ஆசையினால்தான். யாரும் அவளை வேண்டாமென்று தடுக்கவில்லை, கூடவே வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். கேத்தரின் "சரி" என்று போனைக் கையில் எடுத்து எல்லோருக்கும் டிக்கெட் போட ஆரம்பித்தாள். முகம் காற்று இறங்கிய பலூன் மாதிரி இருந்தது. ஆணியில் தொங்கிய பச்சைக் கயிற்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டேன். முழங்கால் அசைய மறுக்கிறது என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றான் லாயிட். ஆஸ்பத்திரி வேண்டாம், தைலம் போதும், ஆனால் பயணம் என்னால் முடியாது என்றேன். நான் போகவில்லை என்றால் ரெமிஜியஸ் போக முடியாது, என்னை விட்டால் அவருக்கு டீ போடத் தெரியாது. எங்கள் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள லாயிட் இருந்தாக வேண்டும், அவன் இருந்தால் ஆஞ்சலாவும் இருப்பாள். கணக்குச் சரியாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் என் மகன் வேறு கணக்குப் போட்டான்.

"அப்ப கேத்தரின், நீயும் டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு. அம்மாவ யாரு பாத்துப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையாட்டத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, நான் பெத்தது அவளையா, உன்னையா?" என்றேன். "கால் தேய்க்க மகன் போதும். உன் கைக்கு என்ன கேடு? லிப்ட்டத் தூக்கற கை, என் காலத் தூக்காதா?"

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"லீவு போடு."

லாயிட் தைலம் தேடப் போனான். கேத்தரின் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். தினமும் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கிறவள்.

"எந்தக் கால் அத்தே?"

"வலது."

"மொதல்ல எடதுன்னீங்க."

"ரெண்டும்தான்" என்றேன். நான் சொன்ன சொல்லிலிருந்து இறங்குகிறவள் இல்லை.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது, சிரிப்பை மறைக்கத் தானே தள்ளிவிட்டிருப்பாள்.

புறப்படும் நாள் வரை நான் காலை மடக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரம் மட்டும் எழுந்து இரண்டு நடை நடந்துகொள்வேன். அன்று விடிகிற நேரத்துக்கே ஆட்டோ வந்து நின்றது. லட்சுமம்மா துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து, பெருக்காமல் நின்றாள். லாயிட் தரையில் உட்கார்ந்து என் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான், முகம் உம்மென்று இருந்தாலும் நன்றாகத்தான் தேய்த்தான். கேத்தரின் ஒரே ஒரு பையோடு வந்தாள். ஒரே ஒரு பையோடு நான் அவளைப் பார்த்ததே இல்லை.

"குக்கர் விசில் வந்ததும் அடுப்பச் சிறுசு பண்ணணும். பாப்பாக்குத் தலை பின்னும்போது..." என்று ஆரம்பித்தாள்.

"ஆட்டோக்காரன் காத்திட்டிருக்கான்" என்றேன்.

ஆஞ்சலா தாத்தா தோளில் சாய்ந்துகொண்டு கை அசைத்தாள். கேத்தரின் குனிந்து என் நெற்றியில் சிலுவை போட்டாள், பெரியவர்கள் சின்னவர்களுக்குப் போடுவதை அவள் எனக்குப் போட்டாள். பிறகு வாசற்படி இறங்கிப் போனாள்.

என்னால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை, கால் வலி ஆயிற்றே. கழுத்தை எட்டிய மட்டும் நீட்டினேன். அவள் ஆட்டோவில் ஏறி, சீட்டின் நட்டநடுவில் உட்கார்ந்தாள். பைக்குள் கைவிட்டு, காரத் தட்டை மாதிரி இருக்கும் நிப்பட்டில் ஒரு பாக்கெட்டை எடுத்தாள். ஆட்டோ நகர்வதற்குள் அதன் ஓரத்தைப் பல்லால் கிழித்து, யாருக்கும் நீட்டாமல், முதல் நிப்பட்டைக் கடித்தாள்.