மயில் செல்லனும் பாய்மரப் படகும்

இரண்டு கைகளிலும் தேநீர்க் கோப்பையுடன் கோப்பிக்கடையின் பின்வாசலில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலையின் உயரத்தை அளக்கிறார் செல்லன். "போவும்லா" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார். நடக்கிறார். நிலை நெற்றியில் இடிக்கிறது. பாதித் தேநீர் சட்டையில் கொட்டுகிறது. மீதியை என் முன்னால் வைத்துவிட்டு, "கொஞ்சந்தான் வித்தியாசம் வாத்தியாரே" என்கிறார்.

மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் குவாலா சிலாங்கூரில் இது எல்லாருக்கும் பழகிப்போன காட்சி. செல்லன் நீள லோரி ஓட்டுகிறவர். மற்ற லோரிகளில் ஏறாத பெரிய சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். எண்ணெய் பிழியும் செம்பனை ஆலைக் கொதிகலன், தண்ணீர்த் தொட்டி, ஒருமுறை ஒரு முழுப் பலகை வீடு. உயரம் பார்த்தே பிழைக்கிற மனிதருக்கு உயரம் மட்டும் பிடிபடாமலே போய்விட்டது. எப்போது சொன்னாலும் ஒரு சாண் தப்பும். அதனால்தான் உதவியாள் சேது, செல்லனைவிட மூத்தவர், செம்பனைக் குலை வெட்டும் நீளக் கம்பில் அரிவாளைக் கழற்றிவிட்டுத் துணி சுற்றி, லோரிக்கு முன்னால் நடந்து தந்திக்கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கிறார்.

"நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுனாலும் சேதண்ணன் கொண்டுபோய்ச் சேத்துருவாரு. கண்ணத் தொறந்தாதான் ஆபத்து" என்பார் செல்லன்.

வெறும் செல்லன் என்று கேட்டால் ஊரில் வழி சொல்லமாட்டார்கள். மயில் செல்லன் என்று கேட்க வேண்டும். அந்தக் கதையையும் அவரே சொல்வார். பிறர் தொடங்குவதற்குள் முந்திக்கொள்வார். ஊரிலிருந்து ஒன்பதாவது மைலில் இருக்கும் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து ஆலைக்குக் கொதிகலன் ஏற்றிப் போனார். தோட்டத்து வாசலில் முருகன் கோயிலின் சிமெண்டு வளைவு. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். போவும் என்றார். "தடால்னு சத்தம். பக்கத்து சீட்டுல யாரோ வந்து ஒக்காந்தாப்புல இருந்துச்சு. முருகனே எறங்கி வந்துட்டாரோன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன். பாத்தா மயிலோட தல." முதலில் அவர்தான் சிரிப்பார். கதையை அதோடு நிறுத்தியும்விடுவார்.

மீதிக் கதை அவர் மனைவி இராஜம்மா சொல்லி எனக்குத் தெரியும். அந்தத் தோட்டம் அவருடைய பிறந்த வீடு. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சிவானந்தம் அவருக்கு அண்ணன். கோயில் தலைவரும் அவரே. தோட்டத்து மக்கள் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துக் கட்டிய வளைவு அது. கூடியிருந்த எல்லார் முன்னிலையிலும், "இனிமே இந்த வளைவுக்குக் கீழ ஒன் நெழலு விழக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு சொல் பேசவில்லை. வளைவைப் புதிதாகக் கட்டி, நீலம் அடித்து, '1981' என்று எழுதினார்கள். முன்னெச்சரிக்கையாக இந்த மயிலைக் கழுத்தைக் குனிந்த நிலையில் செய்தார்கள். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு இராஜம்மா உள்ளே போவார். செல்லன் எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார். அன்னதானச் சோறு தூக்குச்சட்டியில் அங்கே வரும். "அங்க ஒக்காந்து தின்னாலும் சாம்பாரு அதே ருசிதான்" என்பார். அதை நான் நம்புவதாகக் காட்டிக்கொள்வேன்.

சென்ற டிசம்பரில் அவருக்கு ஒரு பாய்மரப் படகு வந்து வாய்த்தது. கிழக்குக் கரைக் குவாந்தானில் இருக்கும் ஒரு சீனப் பல்மருத்துவர் எங்கள் ஆற்றங்கரைப் பட்டறையில் சொல்லிச் செய்தது. கடல்வழியாகப் போனால் சிங்கப்பூரைச் சுற்ற வேண்டும். கிழக்குக் கரையில் அது கொந்தளிக்கும் மாதம். போதாக்குறைக்கு மருத்துவருக்கு இன்னும் படகு ஓட்டத் தெரியாது. ஆகவே, கடலில் மிதக்க வேண்டியது நாட்டுக்குக் குறுக்கே லோரியில் புறப்பட்டது. பாய்மரத்தைக் கழற்றிப் பக்கத்தில் கிடத்தியும் படகு இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. பள்ளி விடுமுறையில் சும்மா இருந்த நான், குவாந்தான் வரை கூடப் போய் ஒரு பயணக் கட்டுரை எழுதுவதென்று தீர்மானித்தேன். அதற்கென்று ஒரு தொப்பியும் வாங்கினேன். கட்டுரை ஒன்பதாவது மைலில் முடிந்துவிட்டது.

கிளம்பும்போது இராஜம்மா லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தோட்டத்துப் பக்கம் மட்டும் போயிராதீங்க. இன்னொரு தடவ இடிச்சீங்கன்னா, எங்கண்ணன் என்னையும் உள்ள விடமாட்டாரு. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வீடுதான்."

"பெரிய சடக்குலதாம்மா போறோம்" என்றார் செல்லன்.

பெரிய சாலையில் மழைவெள்ளம் ஒரு பாலத்தைத் தின்றிருந்தது. வழித்துணையாக முன்னால் மோட்டார் சைக்கிளில் போன போலீஸ்காரர், எல்லா லோரியும் தோட்டத்துக்குள் புகுந்துதான் போகிறது என்று கையைக் காட்டிவிட்டார். செல்லன் ஸ்டீரிங்கைத் திருப்பினார். ஆலைப் பக்கமாக உள்ளே நுழைந்தோம். இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய், திரும்ப இடமில்லை. செம்பனை மட்டைகள் படகை வருடிக்கொண்டே வந்தன. கடைசியில் வெளிவாசல் வந்தது. அங்கே நீல வளைவு. அதன் கீழே கைகளைக் கட்டிக்கொண்டு மண்டோர் சிவானந்தம்.

செல்லன் இறங்கினார். அன்றுதான் அவர் ஒரு கண்ணை மூடாமல் நின்றதைப் பார்த்தேன். "நான் பாக்கமாட்டேன். நீங்க பாருங்க சேதண்ணே."

சேது கம்பை நிறுத்தி அளந்துவிட்டுத் தலையை ஆட்டினார். படகின் மூக்கில் இருந்த எவர்சில்வர் கம்பி வளைவுக்கு மேலே நின்றது.

"வாத்தியாரே, இது போவாதுன்னு லோரிக்காரர்கிட்ட சொல்லுங்க" என்றார் சிவானந்தம்.

"எனக்கும் தெரியுதுன்னு மண்டோர்கிட்ட சொல்லுங்க வாத்தியாரே" என்றார் செல்லன்.

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற இருவருக்கு நடுவே நான் தபால்காரனாக நின்றேன். பயிற்சிக் கல்லூரியில் படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று தோன்றியது.

டயர்களில் காற்றை இறக்கினார்கள். படகு கொஞ்சம் தாழ்ந்தது. இன்னும் இரண்டு விரல் தட்டியது. அதற்குமேல் இறக்கினால் டயர் கிழிந்துவிடும். செல்லன் டயருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாத்துக்கும் போவும் போவும்னு சொன்ன வாயி. இன்னிக்கு வரமாட்டேங்குது பாருங்க" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவருக்காக நான் வருந்தினேன். கூடவே என் தொப்பியை நினைத்தும் வருந்தினேன்.

செம்பனைக் காட்டில் வேலை முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம். கூட்டம் கூடியது. சிவானந்தம் நெடுநேரம் லோரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஆள் ஏறுனா வண்டி அமுங்கும்னு லோரிக்காரருக்கு யாரும் சொல்லித் தரலியான்னு கேளுங்க வாத்தியாரே."

நான் கேட்பதற்குள் கூட்டம் என் பக்கம் திரும்பியது. "மொதல்ல வாத்தியாரு ஏறட்டும்." இத்தனை காலமும் மாணவர்கள் பலகையில் படம் வரைந்து கேலி செய்த என் உடம்பை, ஒரு தோட்டமே அன்போடு அழைத்தது. நாலு பேர் தள்ள, படகின் மூக்கருகே போய்ச் சேர்ந்தேன். பின்னாலேயே எல்லாரும் ஏறினார்கள். லோரித் தட்டில், படகின் வயிற்றில், பழம் பொறுக்கும் சாக்குகளோடு பெண்கள். போலீஸ்காரரும் ஏறினார், ஏறக் கூடாது என்று சொல்ல அங்கே வேறு போலீஸ்காரர் இல்லை.

"இது எங்கக்கா போவுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"குவாந்தானாம்."

"அய்ய, மாத்துச் சீலகூட எடுக்கலியே" என்றார் சின்னத்தாய் என்ற கிழவி. சிரிப்பில் படகே குலுங்கியது.

சேது மறுபடியும் அளந்தார். கம்பிக்கும் வளைவுக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவு வெளிச்சம் தெரிந்தது. "இப்பப் போவும் செல்லா" என்றார்.

செல்லன் தம் இடத்தில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார். வண்டி நகரவில்லை. மேலிருந்து பார்த்தபோது, திறந்திருந்த கதவு வழியே அவர் ஸ்டீரிங்கை விட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொள்வது தெரிந்தது. "போலீஸ்காரரு ஓட்டட்டும்ணே. என்னால ஆவாது. இடிச்சிட்டா அவ மொகத்துல முழிக்க முடியாது" என்றார். இந்த முறை அதில் வேடிக்கை ஏதும் இல்லை.

வளைவின் கீழே நின்ற சிவானந்தம் கட்டிய கைகளை அவிழ்த்தார். அரைக்கால் சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, படகின் மூக்கில் குப்புறப் படுத்தார். எவர்சில்வர் கம்பியின் உச்சியில் வலது உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தார். புறங்கைக்கு மேலே நீல வளைவு. கம்பி எகிறினால் முதலில் நசுங்குவது அந்தக் கைதான். கீழே குனிந்து, என் வழியாக அல்லாமல், நேராகவே சொன்னார்:

"எடுங்க மாப்ள."

செல்லன் அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு காலில் இருந்த செருப்புகளைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, வெறும் காலால் பெடலை மிதித்தார்.

லோரி ஊர்ந்தது. எடை குறைந்துவிடுமோ என்று நான் மூச்சைக்கூட வெளியே விடவில்லை. குனிந்த மயிலின் கழுத்து என் தொப்பியை உரசிக்கொண்டு கடந்து போனது. மயில் முழுசாக இருந்தது. தொப்பி கால்வாயில் விழுந்தது. பின் சக்கரம் பெரிய சாலையில் ஏறியதும் படகுக்குள்ளிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது.

செல்லன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். வளைவைத் திரும்பிப் பார்க்கவில்லை. படகில் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. ஏணியில் இறங்கி வந்த மச்சானின் வலது கையைப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். விரல் முட்டிகளில் வளைவின் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்து நனைத்து, ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினார்.